போவோம் என்று சொன்ன ஊர்

மலையில் வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு பொது விதி இருக்கிறதாம். கீழே பிழைக்க இடம் கிடைத்தால் மலைக்காரன் இறங்கிவிடுவான், ரோடு போட்டுக் கொடுத்தாலும் நிற்க மாட்டான். சமூகத்தைப் படிக்கிறவர்கள் ஊர் ஊராகப் போய்க் கேட்டுக் கண்டுபிடித்தது. நான் இப்போது சேலத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். விதிப்படி நானும் ஒரு அத்தாட்சி. கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று பார்த்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையில், கொட்டச்சேட்டுக்கும் அப்பால். பஸ் ஒரு எஸ்டேட் கேட் வரைக்கும் வரும். அங்கிருந்து காப்பித் தோட்டத்தை ஒட்டி மண் தடத்தில் ஏற வேண்டும். கோடையில் பைக் ஏறும். மழைக்காலத்தில் அந்தத் தடத்தில் தண்ணீர் இறங்கும், மனிதர்கள் பக்கத்துப் புதரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் கொஞ்சம் காடு உண்டு. ராகி, சாமை, நாலு பலா, காப்பி, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகு. வேலை இல்லாத நாளில் எஸ்டேட்டுக்குப் போவோம். பெருமைப்பட ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். ஒரு வருடம் அவருக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார். வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டும், தவறினால் உடம்பில் நீர் ஏறும், மூச்சு வாங்கும், படுக்க முடியாது என்று வரிசையாகச் சொன்னார். ஒரு தடவை பஸ் நின்றுபோய்த் தவறியது. டாக்டர் சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. அந்த டாக்டர் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை, என் வீட்டுக்காரரை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் சொன்னார், நடந்தது. அப்படிப்பட்ட விதியை நான் கும்பிடுவேன்.

ஏறி இறங்க அவரால் முடியாமல் போனதும் ஒரு மர நாற்காலியை இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவில் கட்டினோம். ஊர் ஆண்கள் நாலு பேர் தூக்குவார்கள். எஸ்டேட் கேட்டில் இறக்கிவிட்டால் அங்கிருந்து பஸ். சாயங்காலம் மறுபடி கேட்டில் வந்து நிற்பார்கள். யாரும் கூலி கேட்டதில்லை, நாங்கள் கொடுக்கவும் முடியாது. முன் கழி பிடிக்கிறவர் எனக்குக் கொழுந்தன் முறை. பங்காளி வீடு, கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கிற ஆள். தூக்குகிற நேரமெல்லாம் பேசிக்கொண்டே வருவார்.

"ஏண்ணா, போன தடவைக்கு இந்தத் தடவ நொம்பக் கனமா இருக்கறீங்களே. சொம்பு சொம்பாத் தண்ணி குடிச்சீங்களா?"

"எங்கடா, இவ டம்ளர்ல அளந்துதான ஊத்தறா."

"அப்ப அண்ணி டம்ளர மாத்தோணும். எங்க தோளு போவுது."

"வாரப்ப லேசா வருவேன், அப்பப் பேசு."

உண்மைதான். போகும்போது உடம்பில் நீர் இருக்கும், கனப்பார். வரும்போது எடுத்துவிட்டிருப்பார்கள், லேசாக இருப்பார். தூக்குகிறவர்களின் தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கேட்டில் இறங்கிய பிறகு பஸ் வரும் வரை யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ரோடு பேச்சு வந்தது. அளந்தார்கள். தடத்தின் ஓரமாக மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த கோடைக்குள் வேலை தொடங்கும் என்றார்கள். ரோடு வந்தால் ஆட்டோ வீட்டு வாசலுக்கு வரும், அவர் தன் வீட்டிலிருந்து போய்த் தன் வீட்டுக்கே திரும்பலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஊர் ஊராகக் கேட்டு எழுதுகிற ஒரு ஆராய்ச்சிக்காரம்மா வந்தது அதற்குப் பிறகு. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரரின் அண்ணி விஷயத்தைச் சொன்னார். பக்கத்து வீடுதான், நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"மெட்ராஸ் பக்கமிருந்து ஒரு அம்மணி வந்துச்சு. ஊடு ஊடாக் கேட்டுச்சு. களி போட்டேன், தின்னுட்டு வட்டல அதுவே கழுவி வெச்சுது. நல்ல புள்ள."

"என்ன கேட்டுச்சுக்கா?"

"எத்தன ஆடு, எத்தன கோழி, கக்கூசு இருக்குதா. அப்புறம், கீழ ஊடும் காடும் குடுத்தா போவீங்களான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போவோமுன்னேன்."

"போவீங்களா?"

"ஆரு போறது? எம்பட ஆட்டை நீயா மேய்ப்ப?"

"பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"கவுண்டரூட்டுல அப்படித்தாஞ் சொன்னாங்களாம். உங்கூட்டுக்கும் நானே சொல்லிட்டேன். பூட்டிக் கெடந்துச்சு, அந்தப் புள்ள வெயில்ல நிக்குது, பாவம்."

இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். ஊர்க்கவுண்டர் என்பது எங்கள் ஊரில் ஒரு பொறுப்பு. வெளியிலிருந்து யார் வந்து என்ன கேட்டாலும் அவர் வீட்டில்தான் முதல் பதில். மற்ற வீடுகள் அதையே சொல்லும். முன்பு ஒரு காலத்தில் காட்டிலாகா ஆட்கள் வந்து மரத்தைப் பற்றிக் கேட்டபோது ஒரு வீட்டில் ஒன்று சொல்ல, இன்னொரு வீட்டில் வேறொன்று சொல்ல, இரண்டு வீட்டு ஆண்களையும் பிடித்துக்கொண்டு போனார்களாம். அதிலிருந்து ஊருக்கு ஒரே வாய். கவுண்டர் வீட்டுப் பதிலுக்கு மாறாகச் சொல்வது கவுண்டரைப் பொய்யராக்குவது. அதை யாரும் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டோம். அது வந்தவரை அவமதிப்பது. சரி என்போம். வந்தால் அப்புறம் பார்த்துக்கொள்வோம். எத்தனையோ பேர் எங்களுக்கு ஆடு கொடுப்பதாகவும் தேனீப் பெட்டி கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றோம். எதுவும் வரவில்லை. ஆகவே வீடும் காடும் கொடுத்தால் போவீர்களா என்று கேட்டதும் கவுண்டர் மரியாதையாக, "குடுத்தா போவோமுங்க" என்றிருக்கிறார். அத்தனை வீட்டிலும் அதே பதில். கேட்டவர்கள் பார்வையில் ஊரே ஒரு மனதாக இறங்கத் தயாராக இருந்தது. உண்மையில் அவர்கள் கேட்டது ஒரே ஒரு வீட்டின் பதிலை.

அடுத்த கோடை வந்தது, போனது. கல் மட்டும் நின்றது. டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த ஒரு நாள் நான் ஆஸ்பத்திரியிலிருந்து சேலத்தில் ரோடு போடுகிற அலுவலகத்தைத் தேடிப் போனேன். ஒரு அதிகாரி உட்காரச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை.

"உங்க ஊருக்கு ரோடு போடறதா இருந்ததும்மா. இப்ப தள்ளி வச்சிருக்கு."

"ஏனுங்க சார்?"

"ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இந்த மாதிரி ஊர்ல இருக்கறவங்க எப்படியும் கீழ வந்துடுவாங்கன்னு தெரிய வந்திருக்கு. நீங்களே போறோம்னு சொல்லியிருக்கீங்க. நாளைக்கு ஆளில்லாத ஊருக்கு ரோடு போட்டேன்னு என்னையத்தான் கேப்பாங்க."

"ஆளில்லாத ஊர்ல இருந்துதான் வந்து நிக்கறனா?"

"கோவப்படாதீங்கம்மா. நாளைக்கு என்ன ஆகும்னு பாத்துத்தான் எதுவும் செய்யணும்."

நாளைக்கு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாளைக்குத் தன்னைத் தூக்குவார்களா என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. நான் என்னென்னவோ சத்தம் போட்டேன். பியூன் வந்து தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அந்த ஆராய்ச்சிக்காரம்மா மறுபடி ஊருக்கு வந்தார். கேட்ட இடத்துக்கு வந்து, கண்டுபிடித்ததைச் சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கமாம். அது நல்ல வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். களத்தில் எல்லோரும் கூடினோம். என் வீட்டுக்காரரை நாற்காலியோடு கொண்டுவந்து வைத்தார்கள். அந்த அம்மா நின்றுகொண்டு பேசினார். பல மலைகளில் கேட்டதாகவும், மொழி வேறு, சாமி வேறு, பயிர் வேறு என்றாலும் பதில் ஒரே மாதிரி வந்ததாகவும், அதிலிருந்து மலை மக்களின் போக்கைப் பற்றிப் பொதுவாக ஒன்று சொல்ல முடிகிறது என்றும் சொன்னார். அக்கா பக்கத்தில் இருந்தவளிடம், "நல்லாப் பேசுது" என்றார்.

நான் எழுந்தேன்.

"ஏனுங்க மேடம், எங்க ஊர்ல எத்தன பேருகிட்டக் கேட்டீங்க?"

"எல்லா வீட்டுலயும் கேட்டேங்க."

"எல்லா ஊட்டுலயும் கேட்டீங்க. பதில் சொன்னது ஒரு ஊடு. எங்கூட்டுக்குப் பதில் சொன்னது எங்க அக்கா. அவங்களுக்குச் சொன்னது கவுண்டரூடு. மத்த மலையில எப்படின்னு எனக்குத் தெரியாது. நீங்க அங்கயும் இதக் கேட்டீங்களா?"

கவுண்டருக்கு முகம் சிவந்தது. "ஏ அம்மணி, ஊருக்கு வந்த புள்ளகிட்ட என்ன சத்தம்?"

"எங்க ரோடு போயிருச்சுங்க மாமா. நீங்க மரியாதைக்குச் சொன்னீங்க. அவங்க அத வெச்சு விதி எழுதிட்டாங்க."

ரோடு எதனால் நின்றது என்று அதுவரை ஊரில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. கவுண்டர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கும் அது புதிதாகத்தான் இருந்தது. அவர் எழுதியது எங்கே போய் எதை நிறுத்தியது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பிப் பேசினார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா ஒண்ணு யோசிங்க. ஒவ்வொரு ஊரும் வேற வேறன்னே சொல்லிக்கிட்டிருந்தா ஒரு ஊரோட கஷ்டம் அந்த ஊரோட முடிஞ்சிடும். எல்லா மலையிலயும் இதேதான் நடக்குதுன்னு சொல்ல முடிஞ்சாத்தான் மேல இருக்கறவங்க காதுல ஏறும்."

"ஏறுச்சுங்க மேடம். ஏறித்தான் இப்படி ஆச்சு."

முன் கழி பிடிக்கிறவர் சிரித்துவிட்டார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பிறகு நான் கேட்டேன், மறுபடி கேளுங்கள், ஒவ்வொருவராக, தனித்தனியாக. அவர் ஒப்புக்கொண்டார். பலா மரத்தடியில் போய் உட்கார்ந்தார். முதலில் அக்காவை அனுப்பினோம். பாதி தூரம் போய்த் திரும்பி, "மாமா, என்னன்னு சொல்றது?" என்று கவுண்டரைக் கேட்டார். களமே சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அவங்கவங்க மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். தான் இருந்தால் யாரும் பேச மாட்டார்கள் என்று அவருக்கே புரிந்திருக்கிறது. அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அப்போது போனது.

என்ன பதில் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் யாரும் இறங்க மாட்டோம். இதைச் சொல்லத்தானே அவரை உட்கார வைத்தேன். முன் கழி பிடிக்கிறவர் போய்விட்டு நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணி, நான் போறேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு? இப்பத்தான் கவுண்டரே எந்திரிச்சுப் போயிட்டாரே."

"அதனாலதான் சொன்னேன். எனக்குப் போவோணும். கீழ மெக்கானிக் வேலைக்கு ஒருத்தரு கூப்படறாரு. அண்ணனத் தூக்க ஆள் வேணுமேன்னு இருக்கறேன்."

அவர் சட்டையின் தோள் பக்கம் தேய்ந்து நூல் வந்திருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

மற்றவர்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை. மறைக்கிற பழக்கம் இல்லாததால் அன்றைக்கே எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். சிலர் செத்தாலும் இங்கேதான். சிலர் ரோடு வந்தால் இருப்போம், இல்லாவிட்டால் போவோம். ஒருவர் கீழே போவாராம், ஆனால் ராகி அறுப்புக்கும் சேர்வராயன் திருவிழாவுக்கும் மேலே வந்துவிடுவாராம். அக்கா கீழே போய் மகளோடு இருக்க ஆசை என்றிருக்கிறார், ஆடுகளோடு. இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு அது தெரியாது. விதி எழுதியவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நானும் "நாங்கள்" என்று ஒன்றைக் கையில் வைத்திருந்தேன். அதுவும் யாரையும் கேட்காமல் வைத்திருந்ததுதான்.

என் வீட்டுக்காரரால் பலா மரம் வரை நடக்க முடியாது. அந்த அம்மாவே நாற்காலிக்கு வந்து குனிந்து கேட்டார். நான் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ சொன்னதுதாங்க" என்றார்.

எனக்கு அப்போது அது சரியாகவே பட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம், "இத ஒரு வரியில சொல்ல முடியாதுங்க" என்றார்.

"அப்பச் சொல்லாதீங்க."

"சொல்லாம இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க. பாக்கறேன்."

அவர் திருத்தி எழுதினார், அனுப்பவும் செய்தார். போனில் என்னிடம் சொன்னார். அலுவலகத்தில் அந்த அதிகாரி மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், பழைய முடிவு பழைய முடிவுதான் என்றார்.

அந்த மழைக்காலத்தில் தடம் வழுக்கி முன் கழி பிடித்தவர் விழுந்தார். அவர் முழங்காலில் நாற்காலி இறங்கியது. என் வீட்டுக்காரர் சேற்றில் கிடந்தார். இரண்டு பேரில் யாரை முதலில் தூக்குவது என்று பின்னால் இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். "அவன மொதல்ல பாருங்க" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கு எப்படியோ கேட் வரை போனோம். பஸ்ஸில் நான் சொன்னேன், கீழே அறை பார்த்துவிடலாம் என்று. "நீ சொன்னாச் சரி" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டைப் பூட்டினோம். கோழியை அக்கா எடுத்துக்கொண்டார். மிளகு அந்த வருடம் பறிக்காமல் போனது. நாங்கள் வந்த பிறகு அந்தக் கொழுந்தனும் முழங்கால் ஆறியதும் குடும்பத்தோடு வந்துவிட்டார். தூக்க வேண்டிய ஆள் இல்லையே, இனி அவர் எதற்கு அங்கே இருக்க வேண்டும்? இப்படி ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தால் விதி பலித்துவிடும். விதி சொன்னதால் ரோடு நின்றது, ரோடு நின்றதால் இறங்கினோம், இறங்கியதைப் பார்த்து விதி சரி என்பார்கள். அந்த டாக்டர் சொன்ன வார்த்தையைக் கேட்டுச் சிறுநீரகம் கெட்டுப்போகவில்லை. அது முன்பே கெட்டிருந்தது. எங்களைப் பற்றிச் சொன்ன வார்த்தை எங்கள் மேலேயே வந்து விழுந்தது. இந்த வித்தியாசம் புரியாதவர்கள் மனிதர்களைப் பற்றி விதி எழுதக் கூடாது. எனக்குப் படிப்பு குறைவு. ஆனாலும் இதைச் சொல்லுவேன்.

போன மாதம் அந்த அம்மா எங்கள் அறையைத் தேடிக்கொண்டு வந்தார். இறங்கி வந்தவர்களை ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறாராம். துரத்தலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் படி ஏறி வந்து வேர்த்துப்போய் நின்றார். மோர் கொடுத்தேன்.

"இந்தத் தடவ தனித்தனியாத்தான் கேக்கப்போறேன். நீங்க சொல்லிக் குடுத்தது" என்றார்.

என்னை முதலில் கேட்டார். நான் இறங்கி வரவில்லை, இறக்கப்பட்டேன் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன், திட்டவும் செய்தேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு கட்டில் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் வழக்கம்போல் கட்டில் தலைமாட்டில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"ஏ புள்ள, கொஞ்சம் வெளிய இரு."

அவர் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வாசலில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான குழாய். எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆரு வந்திருக்கறது?"

"தெரிஞ்சவங்க."

"நீ ஏன் வெளிய நிக்கற?"

"அவரு பேசறாரு."

உள்ளே அவர் குரல் கேட்டது. இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிறாரா, இறங்கி வந்ததே நிம்மதி என்கிறாரா? கதவுக்கு இன்னும் ஒரு அடி பக்கத்தில் போனால் கேட்டுவிடும். குடம் நிரம்பியதும் வீட்டுக்காரம்மா எடுத்துக்கொண்டு போனார். நான் எங்கள் குடத்தைக் குழாயடியில் வைத்துத் தண்ணீரை முழுதாகத் திறந்துவிட்டேன்.